பீப் சத்தத்தை நம்பி 1,12,700 ரூபாய் போனது: வைரத் தோடு வாங்கப் போகிறவர்கள் படியுங்கள்

1,12,700 ரூபாய். இது கல்லுக்கு மட்டும். தங்கம் தனி, செய்கூலி தனி, ஜிஎஸ்டி தனி. மச்சான் (என் வீட்டுக்காரர்) துபாயிலிருந்து மாசாமாசம் அனுப்பியதைச் சேர்த்து மகள் கல்யாணத்துக்காக வாங்கிய ஏழு கல் தோடு. போன வியாழக்கிழமைதான் தெரிந்தது, 14 கல்லும் லேபில், அதாவது ஆய்வுக்கூடத்தில் செயற்கையாக வளர்த்த வைரம். பூமியிலிருந்து எடுத்த வைரம்தான் வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்டு, அதற்குண்டான விலையைக் கொடுத்து வாங்கினேன்.

கடை பேரை எழுதவில்லை. கேஸ் போடப் போகிறோம், இப்போது பேர் போடாதே என்று காக்கா (என் அண்ணன்) சொல்லிவிட்டார். ரகம் மட்டும் சொல்கிறேன்: வெளியூர் நகைக்கடை, நம் பக்கம் வந்து கல்யாண மண்டபத்தை வாடகைக்கு எடுத்து மூன்று நாள் வைரக் கண்காட்சி போடுவார்கள். ராம்நாடு முழுக்க ஃப்ளெக்ஸ், உள்ளே ஏசி, போனதும் ரோஸ் மில்க்.

நாங்கள் கீழக்கரை. கல் வியாபாரத்துக்குப் பேர் போன ஊர். வாப்பா காலத்தில் கொழும்புக்குப் போய்க் கல் வாங்கி வந்தவர்கள் எங்கள் தெருவிலேயே இருந்தார்கள். அந்தத் தெருவில் பிறந்த எனக்கு இந்தக் கதி.

வாங்கப் போகும் முன் வீட்டில் இதைப் பற்றி ஒரு சண்டையே நடந்தது. மகள், "உம்மா, லேப் கல்லே வாங்கலாம், பார்க்க ஒண்ணுபோலத்தான் இருக்கு, விலையும் கம்மி" என்றாள். நான்தான் கேட்கவில்லை. நாளைக்கு ஓர் அவசரம் என்றால் லேப் கல்லை யார் திருப்பி எடுப்பார்கள் என்று அவள் வாயை அடைத்தேன். கடைசியில் அவள் சொன்ன கல்லேதான் வீட்டுக்கு வந்திருக்கிறது, ஐந்து மடங்கு விலையில்.

கவுண்டரில் இருந்த பையனுக்கு முப்பது வயது இருக்கும். நல்ல பேச்சு. "லேப் கல் வேணாம் தம்பி" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே பேனா மாதிரி ஒரு டெஸ்டரை எடுத்து ஒவ்வொரு கல்லிலும் வைத்தார். பீப். பீப். 14 தடவை பீப். கடைசி நாலு கல்லுக்கு டெஸ்டரை என் கையிலேயே கொடுத்து, "நீங்களே வைங்கம்மா" என்றார். அப்புறம் தோட்டை என் வாய்க்கருகில் கொண்டுவந்து ஊதச் சொன்னார். ஊதினேன், ஆவி படிந்தது தெரியாமல் உடனே மறைந்தது. "கண்ணாடின்னா நிக்கும்மா, வைரத்துல நிக்காது." கூட வந்த லாத்தா (என் அக்கா) என் முழங்கையைக் கிள்ளி, "எடுத்துரு" என்றாள். அந்த நிமிஷம்தான் நான் விழுந்தேன்.

இப்போது தெரிகிறது, அவர் காட்டிய எதிலும் பொய் இல்லை. அந்த டெஸ்டர், கல் சூட்டை எவ்வளவு வேகமாகக் கடத்துகிறது என்று மட்டும்தான் பார்க்கும். லேப் வைரமும் கார்பன்தான், கடினமும் அதேதான், சூட்டைக் கடத்துவதும் அப்படியேதான். அதற்கும் பீப் அடிக்கும், ஆவியும் நிற்காது. அமெரிக்கன் டைமண்ட் என்கிற போலிக் கல்லைப் பிடிக்கத்தான் அந்தக் கருவி. நான் பயந்தது ஒன்று, அவர் சோதித்துக் காட்டியது வேறொன்று.

உண்மை வெளியே வந்தது எப்படி என்றால், மகளுக்குக் காது கனக்கிறது, சின்னதாக மாற்றலாம் என்று மதுரையில் காக்காவுக்குத் தெரிந்த கல் வியாபாரியிடம் கொண்டுபோனோம். அவர் லென்ஸில் பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லை. உள்ளே இருட்டறைக்குக் கூட்டிப்போய் தோட்டின்மேல் புற ஊதா விளக்கைப் பிடித்து, சட்டென்று அணைத்தார். விளக்கு அணைந்த பிறகும் கல்லெல்லாம் நீலப்பச்சையாக மினுங்கிக்கொண்டே இருந்தன, ராத்திரி கடலில் கவர் பூத்து அலை தானாக ஒளிர்கிற மாதிரி. "இதை மட்டும் வச்சுச் சொல்லக் கூடாது" என்று, இயற்கைக் கல்லா லேப் கல்லா என்று பிரிக்கும் ஸ்கிரீனிங் மெஷினிலும் போட்டார். 14 கல்லுமே லேப் கல். மொத்தம் 98 சென்ட், அதாவது 0.98 கேரட். லேப் என்று சொல்லி விற்றிருந்தால் இருபதாயிரத்துக்கு மேல் கேட்டிருக்க முடியாது என்றார். நான் கொடுத்தது 1,12,700.

அங்கிருந்தே கடைக்குப் போன் போட்டேன். முதல் நாள், "அப்படி இருக்காதேம்மா, ஹெட் ஆபீஸில் கேட்டுச் சொல்றேன்." மறுநாள், மேனேஜர் சூரத் போயிருக்கிறார். அதற்கு மறுநாள் நான் 'அம்மா'விலிருந்து 'மேடம்' ஆகிவிட்டேன். "மேடம், வெளியில கொடுத்த இடத்துல கல்லை மாத்தியிருக்கலாமே?" மச்சான் துபாயிலிருந்து கூப்பிட்டால் எடுப்பதே இல்லை. வாட்ஸப்பில் நீல டிக் மட்டும் விழுகிறது.

திங்கட்கிழமை காக்காவோடு கடைக்கே போனேன். பதினொன்றரைக்கு உட்கார வைத்தார்கள், நாலு மணிக்குத்தான் ஒருவர் வந்தார். பில்லைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு நிதானமாகக் கேட்டார்: "இதுல நேச்சுரல்னு எங்க இருக்கு?" பில்லில் இருந்தது 'டைமண்ட் 0.98 கேரட்', அவ்வளவுதான். கூடவே அவர்களே அச்சடித்த பளபளப்பான ஒரு கார்டு, 'நூறு சதவீதம் அசல் வைரம்' என்று. அசல்தானே, லேபில் வளர்த்தாலும் வைரம் வைரம்தானே என்கிறார்! 90 சதவீத விலைக்குத் திருப்பி எடுப்போம், பைபேக் என்றீர்களே என்றால், அது "கண்காட்சி பில்லுக்குப் பொருந்தாது"வாம். லேப் வைரத்தை நான் குறை சொல்லவில்லை. இருபதாயிரம் என்று சொல்லிக் கொடுத்திருந்தால் மகளே சந்தோஷமாகப் போட்டுக்கொண்டிருப்பாள்.

கண்காட்சிக்கு முந்தின நாள் அந்தப் பையன் எனக்கு அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் ஒன்று இருக்கிறது. "லேப் இல்லம்மா, மண்ணுல எடுத்ததுதான்." அதை அழிக்காமல் வைத்திருக்கிறேன். அது ஒன்றுதான் இப்போது பிடிமானம்.

வாங்குகிறவர்களுக்கு விவரமாகப் பத்து விஷயம் எழுத உட்கார்ந்தேன், கோபத்தில் ஓடவில்லை. இதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். பில்லில் 'இயற்கை வைரம்' என்று எழுதித் தரச் சொல்லுங்கள், மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். கடை அச்சடித்த கார்டு சர்டிபிகேட் இல்லை. ஜிஐஏ, ஐஜிஐ மாதிரி வைரத்தைச் சோதிக்கும் வெளி நிறுவனம் கொடுத்த ரிப்போர்ட் கேட்டு, அதன் நம்பரை அவர்கள் வெப்சைட்டில் நீங்களே போட்டுப் பாருங்கள். ஹால்மார்க்கும், நகையில் பொறிக்கும் ஆறு எழுத்து அடையாளக் குறியான ஹெச்யுஐடியும் தங்கத்தைப் பற்றித்தான் சொல்லும், கல்லைப் பற்றி இல்லை. என் தோட்டிலும் ஹால்மார்க் சரியாகத்தான் இருக்கிறது! அடகு வைக்கலாம் என்ற கணக்கில் வாங்காதீர்கள், பேங்கில் எந்தக் கல்லாக இருந்தாலும் கழித்துவிட்டுத் தங்கத்துக்குத்தான் கடன். இது எனக்கு இந்த வாரம்தான் தெரியும்.

நுகர்வோர் உதவி எண் 1915-க்குக் கூப்பிட்டுப் புகார் பதிந்தாகிவிட்டது. நாளைக் காலை ராம்நாடு நுகர்வோர் கமிஷனுக்குப் போகிறோம். பில், கார்டு, மதுரை ரிப்போர்ட் எல்லாம் மூன்று செட் ஜெராக்ஸ் எடுத்தாயிற்று. அதே கண்காட்சியில் வாங்கிய வேறு யாராவது இருந்தால் உள்பெட்டியில் வாருங்கள், பில்லை எடுத்து, வெறும் 'டைமண்ட்' என்றுதான் போட்டிருக்கிறதா என்று அந்த ஒரு வரியைப் பார்த்துவிட்டு வாருங்கள்.