மினி டிராஃப்டர்: கடையிலேயே ஆட்டிப் பார்த்து வாங்குங்கள்

மெக்கானிக்கல் சேர்ந்த பிள்ளைக்கு எந்த லேப்டாப் வாங்கலாம் என்று கேட்டால் பத்து பேர் பதில் சொல்வார்கள். டிராயிங் போர்டில் மாட்டிக் கோடு போட உதவும் ஸ்கேல் கருவியான மினி டிராஃப்டரைப் பற்றிக் கேட்டால் "எல்லாம் ஒண்ணுதான், ஏதாவது ஒண்ணு வாங்கிக்கோ" என்பார்கள். ஒண்ணு இல்லை. தங்கச்சிக்காக, காலேஜ் வாசல் கடையில் விற்கும் மலிவு ரகம் ஒன்றையும் அவளுடைய சீனியர் அக்கா கொடுத்த பழசு ஒன்றையும் ஒரே போர்டில் மாற்றி மாற்றி மாட்டி வரைந்து பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். பிராண்ட் பெயர் வேண்டாம்.

இந்தச் சாமானுக்கு இருப்பது ஒரே வேலைதான்: ஷீட்டில் எங்கே நகர்த்தினாலும் ஸ்கேலின் சாய்வு மாறக் கூடாது. போர்டைப் பிடிக்கும் கிளாம்புக்கும் ஸ்கேலைத் தாங்கும் தலைக்கும் நடுவில் இருக்கும் பட்டைகளைக் கவனித்தால் தெரியும், இரண்டு இணைகரங்களை அடுத்தடுத்துக் கோத்த மாதிரி இருக்கும். எதிரெதிர்ப் பக்கங்கள் எப்போதும் இணையாகவே இருப்பதால் தலை நகரும், ஆனால் திரும்பாது. (பின்னால் கைனமாட்டிக்ஸ் பேப்பரில் ஃபோர் பார் மெக்கானிசம் என்று இதே சமாச்சாரத்தைப் பக்கம் பக்கமாகப் படிக்க வேண்டியிருக்கும், அப்போது பெரும்பாலும் யாரும் டிராஃப்டரை எடுத்துக் காட்ட மாட்டார்கள்.)

ஆனால் இதெல்லாம் மூட்டுகளில் ஆட்டம் இல்லாதவரைதான். பட்டைகளுக்கு நடுவே 25 மி.மீ. இடைவெளி, ரிவெட்டில் வெறும் 0.1 மி.மீ. லூஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள், 200 மி.மீ. கோடு போட்டால் கடைசி முனையில் அது 0.8 மி.மீ. ஆகிவிடும், இத்தனைக்கும் ஒரே ஒரு மூட்டுக்கான கணக்கு இது. ஃபர்ஸ்ட் ஆங்கிள் புரொஜெக்ஷனில் (முன்தோற்றம் மேலேயும், மேலிருந்து பார்க்கும் தோற்றம் அதன் கீழேயும் வரும் முறை) கீழே டாப் வியூ வரைந்து, அங்கிருந்து அறுகோணப் பட்டகத்தின் மூலைகளை ஒவ்வொன்றாக மேலே ஏற்றும்போது ஃப்ரண்ட் வியூ ஏன் கோணலாக வருகிறது என்று பிள்ளைகள் தலையைப் பிய்த்துக்கொள்வது பாதி இதனால்தான், திட்டு மட்டும் அவர்களுக்கு.

மலிவு ரகத்தில் ஆட்டம் கையிலேயே தெரிந்தது. கிளாம்பை இறுக்கிவிட்டு ஸ்கேல் நுனியை விரலால் தட்டினாலே 'டக்டக்' என்கிறது. போர்டின் மேல் இடது மூலையில் ஒரு கோடு போட்டு, தலையைக் கீழ் வலது மூலைவரை இழுத்துப் போய்த் திரும்பக் கொண்டுவந்து வைத்தால், ஸ்கேல் அதே கோட்டில் உட்காரவில்லை. அப்புறம் செங்கோணச் சோதனை: கிடையாக 80, நெடுக்காக 60 மி.மீ. குறித்து மூலைவிட்டம் அளந்தால் 100 வர வேண்டும். இதில் 101 வந்தது, அதாவது சுமார் 1.2 டிகிரி கோணல். தலையில் ஸ்கேலைப் பிடிக்கும் ஸ்க்ரூவைத் தளர்த்திச் சரிசெய்ய முடிந்தது என்றாலும், புதுச் சாமானை வாங்கிவந்து நாம் ஏன் ரிப்பேர் பார்க்க வேண்டும்? கிளாம்ப் திருகின் மரையும் பிளாஸ்டிக்தான், எத்தனை நாள் தாங்குமோ.

பழசு பார்க்க அசிங்கம். ஸ்கேலில் மை கறை, கோணமானியில் பாதி எண்கள் அழிந்துவிட்டன, ஐசோமெட்ரிக் எனும் முப்பரிமாணப் படத்துக்கு 30 டிகிரி வைக்கக் கொஞ்சம் கண்ணைச் சுருக்க வேண்டியிருக்கிறது. ஆனால் பட்டை கனமான இரும்பு, மூட்டு இறுக்கம், மூலைவிட்டம் சரியாக 100. இரண்டில் இதைத்தான் எடுத்துக்கொள் என்று தங்கச்சியிடம் சொல்லிவிட்டேன். எல்லாப் பழசும் நல்லது என்று சொல்லவில்லை, ரிவெட் தேய்ந்தும் இருக்கலாம். கடையோ சீனியரோ, மேலே சொன்ன சோதனைகளைச் செய்து பார்க்க ரெண்டு நிமிஷம் போதும், அதுக்கு முகம் சுளித்தால் அங்கே வாங்காதீர்கள்.

புதுசுக்கு ரொம்பச் செலவழிப்பதும் அநாவசியம். அண்ணா பல்கலைக்கழக 2021 ரெகுலேஷனில் (பாடத்திட்டத்தில்) இன்ஜினியரிங் கிராஃபிக்ஸ் இரண்டாம் செமஸ்டரோடு சரி, மூன்றாவதில் மெஷின் டிராயிங் கம்ப்யூட்டருக்குப் போய்விடுகிறது. கிராஃபிக்ஸிலும் எலிப்ஸ், இன்வல்யூட், சைக்ளாய்டு போன்ற வளைகோட்டுப் பகுதிக்கு இது பெரிதாக உதவாது, புள்ளிகளைக் கையாலோ ஃப்ரெஞ்ச் கர்வ் என்ற வளைவு அச்சாலோதான் இணைக்க வேண்டும். சீனியர் விற்கும்போது பாதி விலைக்குப் பேசுங்கள், போர்டு கிளிப்பையும் ஷீட் போடும் குழாயையும் சேர்த்துக் கேட்டால் பெரும்பாலும் கொடுத்துவிடுவார்கள்.