ஊர்ப் பயணத்தில் பழைய படங்களை வலைக்கு ஏற்றிய அனுபவம்

இந்த விடுமுறைக்கு ஊர் வரும்போதே ஒரு வேலையை முடித்துவிட்டுத்தான் திரும்புவது என்று இருந்தேன். அம்மா பெட்டியில் வைத்திருக்கும் பழைய படங்களையும் தாத்தாவின் கடிதங்களையும் ஸ்கேன் செய்து எங்கள் குடும்ப வலைத்தளத்தில் ஏற்ற வேண்டும். பல நாடுகளில் இருக்கும் சொந்தக்காரர்கள் எல்லாரும் பார்க்கிற தளம் அது.

ஸ்கேன் செய்து தருகிறவரிடம் கொடுத்தேன். சொன்ன நாளில் தந்தார். ஆனால் எல்லாமே, கோப்பின் அளவைக் குறைக்க அதிகமாக அழுத்திய ஜேபெக் கோப்புகள். படங்களில் அவ்வளவாகத் தெரியவில்லை. கடிதங்களைப் பெரிதாக்கினால் எழுத்தைச் சுற்றி அழுக்குப் படிந்தது போல இருந்தது. ஜேபெக், படத்தை 8-க்கு 8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்து, கண்ணுக்கு எளிதில் தெரியாத நுணுக்கங்களைக் கழித்துவிடும். முகத்துக்கும் வானத்துக்கும் அது போதும். வெள்ளைத் தாளில் மை எழுத்து மாதிரி சட்டென்று மாறுகிற விளிம்புக்கு ஆகாது. கழித்ததை, அப்புறம் எதையும் கழிக்காத பிஎன்ஜி வகைக்கு மாற்றினாலும் மீட்க முடியாது. திரும்பப் போய், நுணுக்கங்களைக் கழிக்காமல் வைக்கிற டிஃப் கோப்பாகக் கேட்டேன். முகம் சுளிக்காமல் மறுபடி ஸ்கேன் செய்து தந்தார். நீங்கள் கொடுக்கும்போதே இதைச் சொல்லிவிடுங்கள்.

4-க்கு 6 அங்குலப் படம், 600 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 600 புள்ளியில், 2400-க்கு 3600 பிக்சல். அழுத்தாத டிஃப் என்றால் சுமார் 26 எம்பி. பத்திரமாக வைத்துக்கொள்ள அது சரி. வலைத்தளத்தில் போட முடியாது, பெரும்பாலான உலாவிகள் டிஃப்பைக் காட்டவே காட்டா. முதலில் இணையத்தில் மாற்றித் தரும் ஒரு தளத்தில் முயன்றேன். ஒவ்வொன்றும் 26 எம்பி ஏறுவதற்குள் பொழுது போய்விட்டது. அதோடு, குடும்பப் படங்களை யாரோ ஒருவருடைய சர்வரில் கொண்டுபோய் வைக்க மனம் ஒப்பவில்லை. மடிக்கணினியில் படங்களை மாற்றும் இமேஜ்மேஜிக் மென்பொருளைப் போட்டேன். இணையம் இல்லாமலே, ஒரே கட்டளையில் ஃபோல்டர் முழுவதும் மாறியது.

படங்களை 1600 பிக்சல் அகலத்துக்குக் குறைத்து, தரம் 80 வைத்து, வலைக்கென்றே உள்ள வெப்-பி வகைக்கு மாற்றினேன். கடிதங்களை மட்டும் இழப்பில்லாத வெப்-பியில் வைத்தேன். அளவு கூடும், கூடட்டும். 2010-இல் கூகுள் கொண்டுவந்த வெப்-பியை 2020 முதல் ஆப்பிளின் சஃபாரி உலாவியும் திறப்பதால் பயமில்லை. ஏவிஐஎஃப் என்ற இன்னொரு வகையில் கோப்பு இன்னும் சிறியதாக வரும், ஆனால் சித்தியின் பழைய ஐபேடில் அது திறக்கவில்லை. விட்டுவிட்டேன்.

என்னை அதிகம் அலைக்கழித்தது அக்கா மகன் ஐபோனில் எடுத்த புதுப் படங்கள்தான். எல்லாம் ஐபோன் சேமிக்கும் ஹெச்இஐசி வகை. அவன் கோப்புப் பெயரின் கடைசியில் மட்டும் ஜேபிஜி (ஜேபெக்தான்) என்று மாற்றி அனுப்பியிருந்தான். பெயர் மாறினால் உள்ளே இருப்பது மாறாது. சரி என்று நானே மாற்றினேன். வீடு இருக்கும் இடம் படத்துக்குள் பதிந்திருக்கும் என்பதால் கூடவே வருகிற தகவல்களையும் நீக்கினேன். பார்த்தால் பாட்டி பக்கவாட்டில் படுத்திருக்கிறார், நிறமும் வெளுத்துவிட்டது! எந்தப் பக்கம் மேலே என்கிற குறிப்பும், நிறங்களை எப்படிக் காட்டுவது என்று சொல்லும் நிறச் சுயவிவரமும் அந்தத் தகவல்களோடு சேர்ந்தே போய்விட்டன. முதலில் படத்தை நிமிர்த்த வேண்டும், பிறகு நிறத்தை வலையில் வழக்கமான எஸ்ஆர்ஜிபி முறைக்கு மாற்ற வேண்டும், அதன் பிறகுதான் தகவல்களை நீக்க வேண்டும். அந்த வரிசையில் எல்லாவற்றையும் மூலக் கோப்பிலிருந்தே மறுபடி செய்தேன்.

டிஃப் கோப்புகளை இரண்டு வட்டுகளில் எடுத்து, ஒன்றை அக்காவிடம் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன்.