கமாண்டோ: சட்டைப்பைக்குள் ஒரு போர்க்களம்
முதன்முதலில் படித்த போர்ச் சித்திரக்கதை எது என்று கேட்டால், பலருடைய நினைவிலும் முதலில் எழுவது, ஸ்காட்லாந்தின் டண்டி நகரைச் சேர்ந்த டி.சி. தாம்சன் நிறுவனம் 1961 முதல் வெளியிட்டுவரும் கமாண்டோதான். எனக்கும் அதுவே முதல் இதழ். பல கைகள் மாறி, முனைகள் மடங்கிய அந்தப் பிரதியை ஒரே மூச்சில் படித்து முடித்துவிட்டு, உடனே முதல் பக்கத்துக்குத் திரும்பியது இன்றும் நினைவிருக்கிறது.

இதழின் வடிவமே அதன் பெரும் பலம். 68 பக்கங்கள், பக்கத்துக்கு இரண்டு அல்லது மூன்று கட்டங்கள், ஓர் இதழிலேயே நிறைவுறும் கதை என்பதால், அடுத்த வாரத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. வண்ண அட்டையைத் திருப்பியதும் தொடங்கும் கறுப்பு வெள்ளை ஓவியங்களில், ஸ்பிட்ஃபயர் விமானத்தின் வளைந்த இறக்கையையும் ஷெர்மன் டாங்கியின் உருண்ட முகப்பையும் வேறுபடுத்தி அறியும் அளவுக்கு நுணுக்கம் உண்டு. நானும் என்னைப் போன்ற பலரும் இரண்டாம் உலகப் போரின் ஆயுதங்களை இவற்றில்தான் அறிந்தோம்.

பழைய கதைகள் பலவற்றில் எதிரி வீரர்கள் கூச்சலிடும் முகங்களாக மட்டுமே வருவதும், பெண்கள் ஏறக்குறைய இல்லாததும் உண்மையான குறைகள். ஆனால் கோழை என்று பழிக்கப்பட்டவன் தன் அச்சத்தை எதிர்கொள்ளும் கதைகள் இன்றும் மனத்தைத் தொடுகின்றன.

இரு வாரங்களுக்கு நான்கு இதழ்கள் வெளியாகும் முறையில் இரண்டு புதியவை, இரண்டு மறுபதிப்புகள். புதிதாகத் தொடங்குபவர் முதலில் மறுபதிப்பு ஒன்றை வாங்கலாம்.