மஸல் சிப்பிக்கு எதை ஊற்றுவது: ஒயினா, வெர்மூத்தா, சைடரா?

'வெள்ளை ஒயின் ஒரு கோப்பை' என்று ஒரு வரியில் முடித்துவிடுகின்றன பெரும்பாலான சமையல் குறிப்புகள். எந்த வெள்ளை ஒயின் என்பதில்தான் கூத்தே இருக்கிறது.

மஸல் சிப்பி ஓட்டுக்குள் கடல்நீரை வைத்துக்கொண்டுதான் சட்டிக்கு வருகிறது. மூடி போட்டுப் பெருந்தீயில் வைத்தால் மூன்று, நான்கு நிமிடத்தில் வாய் திறந்து எல்லாவற்றையும் கொட்டிவிடும். உப்பும் கடல் ருசியும் அதிலேயே வந்துவிடுவதால் ஒயினிடம் நாம் கேட்பது புளிப்பும் கொஞ்சம் மணமும்தான். ஓட்டோடு ஒரு கிலோ சிப்பி இரண்டு பேருக்குச் சரியாக இருக்கும். அதற்கு 200 மில்லி ஒயின் தாராளம். உப்பு சேர்த்து விற்கும் 'சமையல் ஒயின்' பக்கம் போகவே வேண்டாம், குழம்பு வாயில் வைக்க முடியாமல் கரிக்கும்.

என் முதல் ஓட்டு மஸ்கடேக்கு. பிரான்சில் லுவார் ஆறு கடலில் கலக்கும் நாந்த் வட்டாரத்து ஒயின் இது. மெலிந்த உடம்பு, இனிப்பு இல்லை, புளிப்பு தூக்கல். வெண்ணெயில் சின்ன வெங்காயம் நிறம் மாறாமல் வதங்கியதும் இதை ஊற்றி, ஒரு நிமிடம் கொதிக்க விட்டுச் சிப்பியைப் போட்டால், ஒயின் தனியாகத் துருத்திக்கொண்டு தெரியாது. மிச்சத்தைக் குடிக்கவும் நன்றாக இருக்கும்.

சோவினியோன் பிளாங் என்ற வெள்ளை ஒயினிலும் புளிப்புக்குக் குறைவில்லை. ஆனால் அதன் பச்சைப்புல் வாசம் கூடவே வரும். பூண்டும் பார்ஸ்லியும் அள்ளிப் போடுபவர்களுக்கு அது பொருந்தும். க்ரீம் சேர்ப்பதாக இருந்தால் எனக்கு அது ஒட்டுவதில்லை.

ஓக் மரப் பீப்பாயில் ஊறிய ஷார்டனே என்ற வெள்ளை ஒயின் குடிப்பதற்கு எவ்வளவு உசத்தியாக இருந்தாலும் இங்கே உதவாது. புளிப்பு குறைவு, குழம்பு சுண்டச் சுண்ட மரவாசமும் கசப்பும் மேலே வந்து சிப்பியை அமுக்கிவிடும். விலை அதிகம் கொடுத்து ருசியைக் கெடுத்துக்கொள்ள நல்ல வழி!

வீட்டில் ஒயின் குடிக்கிற ஆளே இல்லை, 200 மில்லிக்காக ஒரு பாட்டில் திறக்க மனசு வரவில்லை என்றால் ட்ரை (இனிப்பில்லாத) வெர்மூத். சுமார் 18 சதவீத ஆல்கஹால் உள்ள, மூலிகைகள் ஊறிய ஒயின். திறந்த பிறகும் குளிர்பெட்டியில் சில வாரம் தாங்கும். சாதாரண ஒயினோ சில நாளிலேயே சோர்ந்துவிடும். மூலிகை மணம் ஏற்கெனவே இருப்பதால் தைம், பிரிஞ்சி இலை தேடி ஓடவும் வேண்டாம். அளவை மட்டும் பாதியாக்கி, மீதிக்குத் தண்ணீர் சேருங்கள். முழு அளவு ஊற்றினால் கஷாய வாடைதான் வரும். புளிப்பில் மஸ்கடேயை எட்டாது, அதனால் கடைசியில் எலுமிச்சை பிழிய வேண்டும். வசதி என்று பார்த்தால் இதை மிஞ்ச எதுவும் இல்லை.

க்ரீமோடுதான் வேண்டும் என்றால் பிரான்சின் நார்மண்டிக்காரர்கள் வழியில் ட்ரை சைடர், அதாவது இனிப்பில்லாத ஆப்பிள் மது. ஆப்பிள் புளிப்பும் க்ரீமும் நன்றாகச் சேரும். பீர் என்றால் ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பு தரும் பூ) கசப்பு குறைவான கோதுமை பீர் மட்டும்.

மதுவே கூடாது என்பவர்களுக்கு ஒரு விஷயம். 'கொதித்தால் ஆல்கஹால் போய்விடும்' என்ற சமாதானம் இங்கே செல்லாது. நாலு நிமிட வேக்காட்டில், அதுவும் மூடி போட்ட சட்டியில், நல்ல பங்கு அப்படியே தங்கிவிடும். அவர்கள் மீன் ஸ்டாக்கோ (மீன் எலும்பு வேகவைத்த சாறு) வெறும் தண்ணீரோ ஊற்றி, இறக்கும்போது எலுமிச்சைச் சாறு சேர்க்கலாம். ஸ்டாக்கில் உப்பு இருக்கிறதா என்று முன்னாலேயே பார்த்துக்கொள்ளுங்கள். மணம் சற்றுக் குறையும், சரி; ஆனால் சிப்பி புதிதாக இருந்தால் அந்தச் சாற்றையும் ரொட்டியால் வழித்துத்தான் சாப்பிடுவீர்கள். எதை ஊற்றினாலும் அடியில் மணல் படிந்திருக்கும், கடைசிக் கரண்டியைச் சட்டியிலேயே விட்டுவிடுங்கள்.