பாலக் காத்தானா, லோகிதாசனா?

இலங்கையின் வன்னியில் கூத்துக் குடும்பத்துப் பிள்ளை முதலில் மேடையேறப் பெரும்பாலும் இரண்டு வேடங்களே கைகொடுக்கும்: காத்தவராயன் கூத்தில் சிறுவயதுக் காத்தவராயனான பாலக் காத்தான், அரிச்சந்திர மயான காண்டத்தில் அரிச்சந்திரனின் மகன் லோகிதாசன். இரண்டுக்கும் ஆயுள் நாலைந்து வருடம்தான்.

காத்தான் பாட்டுக்காரன். சிந்து என்னும் நாட்டார் பாட்டு நடையில், மிருதங்கத்தின் தாளத்துக்குக் கால் வைத்தபடியே பாட வேண்டும். பிள்ளையின் குரலுக்கு ஐந்து கட்டைச் சுருதி பொருந்தும்; கூடப் பாடும் அப்பாவுக்கு வசதியென்று சுருதியைக் குறைத்தால் கீழ்ச்சுரங்கள் காற்றாகிப் போகும். அடியைத் திருப்பிப் பாடும் பிற்பாட்டுக்காரர் அதை முடிக்கும்வரை பொறுக்காமல் அடுத்த அடிக்குத் தாவுவதுதான் வழக்கமான பிழை. வீட்டில் ஒருவர் பிற்பாட்டுப் பாட, தினமும் அரை மணித்தியாலம் பழக்கினால் அது போய்விடும். பால பருவம் முன்னிரவிலேயே முடிவதால் பிள்ளை வேளைக்குப் படுக்கலாம். குரல் உடைந்ததும் வேடம் கைமாறும்.

லோகிதாசனுக்குப் பாட்டுக் குறைவு, கிடப்பது அதிகம். பாம்பு தீண்டி விழுந்தபின், சந்திரமதி புலம்பி முடிக்கும்வரை அசையக்கூடாது. மல்லாந்து படுத்தால் நெஞ்சு ஏறி இறங்குவது முன்வரிசைக்குத் தெரியும். ஒருக்களித்து, முகம் தாயின் மடிப்பக்கம் இருக்கட்டும். விழும்போது முழங்கால், இடுப்பு, தோள் என்ற ஒழுங்கில் விழப் பழக்குங்கள். சாமம் கடந்தால் உண்மையிலேயே நித்திரையாகிவிடும், பின்னேரமே உறங்க வையுங்கள். இங்கே குரலுக்கு முன் எடைதான் முடிவு சொல்லும்: தாய் வேடக்காரர் தூக்க முடியாத அன்று வேடம் போய்விடும்.

குரல் இருக்கும் பிள்ளைக்கு நான் காத்தானையே சொல்வேன். கூச்சமுள்ள பிள்ளைக்கு லோகிதாசன் நல்லது.