மலைக் குளிரில் ஒரு டிரெய்லர் குடித்தனம்

காருக்குப் பின்னால் கோத்து இழுக்கும் டிரெய்லரில் தங்குவதைப் பற்றி யார் விசாரித்தாலும் முதல் கேள்வி குளிரைப் பற்றியதாகவே இருக்கிறது. ஏற்காட்டில், மார்கழி இரவில், அந்தத் தகரப் பெட்டிக்குள் எப்படிப் படுக்கிறீர்கள் என்கிறார்கள். நன்றாகவே படுக்கிறோம். குளிரை ஒரு கம்பளி பார்த்துக்கொள்ளும். ஈரத்தைச் சமாளிக்கத்தான் மெனக்கெட வேண்டியிருக்கிறது. சில குளிர்காலங்களாக நானும் மனைவியும், பள்ளி விடுமுறை வாய்த்தால் மகனும், சேலத்திலிருந்து மலையேறி நாகலூர்ப் பக்கம் உறவினரின் காப்பித் தோட்டத்தில் வண்டியை நிறுத்தி நாள்கணக்கில் தங்கி வருகிறோம். அதில் எது உழைத்தது, எது காலை வாரியது என்பதை எழுதிவைக்கிறேன்.

வண்டி பெரியதல்ல. பத்தடி நீளம், ஐந்தரை அடி அகலம், ஒற்றை அச்சு. நாமக்கல் பக்கம் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை ஒன்றில் சொல்லிச் செய்தது. இரும்புக் குழாய்ச் சட்டம், வெளியே அலுமினியத் தகடு, உள்ளே பிளைவுட், இரண்டுக்கும் நடுவில் தெர்மோகோல். சட்டம், அச்சு, கொக்கி மூன்றும் லாரிக்காரர்களுக்குக் கைவந்த வேலை. இன்றுவரை ஓரிடத்திலும் வெல்டிங் விட்டதில்லை. ஆனால் அவர்கள் கட்டிப் பழகியது மூட்டைகளுக்கு. மூட்டை மூச்சு விடாது, மனிதன் விடுவான். சன்னல் ஒரே பக்கம், கூரையில் ஒரு துளைகூட இல்லை, கதவுக்குச் சுற்றிலும் கனமான ரப்பர். மழைக்கு ஒரு சொட்டு உள்ளே வராத வண்டி என்று பெருமையாகக் கொடுத்தார்கள். உள்ளே இருப்பது வெளியே போகவும் வழியில்லை என்பது முதல் மார்கழியிலேயே தெரிந்துவிட்டது.

இந்த வகைப் பயணம் பற்றிக் கிடைக்கும் யோசனைகளில் பெரும்பகுதி அமெரிக்கப் பாலைவனத்திலிருந்து வருகிறது. அரிசோனாவில் குவார்ட்ஸைட் என்று ஒரு சிற்றூர். குளிர்காலம் வந்தால் வடக்கே பனியில் அகப்பட்டவர்கள் டிரெய்லரை இழுத்துக்கொண்டு அங்கே வந்து குவிவார்கள். ஊருக்குத் தெற்கே அரசு நிலத்தில் செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை அனுமதிக் கட்டணம் கட்டித் தங்கிக்கொள்ளலாம். அங்கே ஆண்டு மழையே 100 மி.மீ. அளவுதான். ஜனவரி இரவில் ஏற்காட்டை விட அங்கே குளிர் அதிகம். ஆனால் காற்று உலர்ந்தது, மறுநாள் வெயில் நிச்சயம். ஆகவே அவர்கள் எழுதுவதில் தண்ணீர்ச் சிக்கனமும் சூரிய மின்சாரமும் முதலிடத்தில் இருக்கும், ஈரம் எங்கோ கடைசியில் வரும். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலைக்கு அந்த வரிசையைத் தலைகீழாகப் புரட்டிக்கொள்ள வேண்டும். வடகிழக்குப் பருவமழையின் வால் டிசம்பரிலும் இருக்கும்; மழை விட்டாலும் மூடுபனி விடாது. 1963இல் இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனம் ஆர்க்கிட் செடிகளுக்கென்றே ஒரு தோட்டம் அமைத்த ஊர் இது. காற்றிலுள்ள ஈரத்தை வேரால் உறிஞ்சி வாழும் செடிகளுக்கு வாகான ஊர், மெத்தைக்கு வாகான ஊராக இருக்க முடியாது.

ஏறும் பாதையைச் சொல்லிவிடுகிறேன். சேலத்திலிருந்து நேர்ப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். சேலம் கடல்மட்டத்திலிருந்து 300 மீட்டருக்கும் குறைவு, ஏற்காடு 1,500 மீட்டர். அத்தனை உயரத்தையும் அந்த வளைவுகளில்தான் ஏற வேண்டும். டிரெய்லரின் சக்கரம் இழுக்கும் வண்டியின் தடத்திலேயே வராது, வளைவின் உட்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். அதனால் காரை வெளிப்பக்கமாக அகலவிட்டுத் திருப்ப வேண்டும், எதிரே வருகிறவர் அதற்கு இடம் தர வேண்டும். மேலேறும் வண்டிக்கே முன்னுரிமை என்பது மலைச்சாலை விதி. ஞாயிற்றுக்கிழமை அது பாதிப் பேருக்கு மறந்துபோகும். வார நாளில், விடிந்ததும் ஏறிவிடுவது எங்கள் வழக்கம். இறங்கும்போது இரண்டாவது கியரை விட்டு மாறுவதில்லை. பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் பாதி மலையிலேயே தீய்ந்த வாசனை வரும். டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் வரை கொக்கியின் மேல் உட்கார வேண்டும் என்பது பொது விதி; பின்பாரம் கூடினால் வண்டி வாலாட்டும். அதற்காகவே சிலிண்டரையும் தண்ணீர் கேன்களையும் முன்பக்கம் வைத்திருக்கிறோம்.

இனி ஈரம். இரண்டு பேர் இரவு முழுவதும் மூச்சு விட்டாலே ஒரு பெரிய டம்ளர் தண்ணீர் ஆவியாக உள்ளே சேர்ந்துவிடும். அது குளிர்ந்த தகட்டைத் தேடிப் போய் நீராக மாறும். தெர்மோகோல் இருக்கும் பரப்பு தப்பித்துவிடுகிறது. இரும்புக் குழாய் போகும் கோடுகளிலும் ரிவெட் தலைகளிலும்தான் துளிகள் வரிசையாக நிற்கும். விடியற்காலையில் நெற்றியில் ஒன்று விழும். அதைவிட மோசம் கண்ணில் படாத இடம். பட்டறைக்காரர் தந்த ஸ்பாஞ்சு மெத்தை பிளைவுட்டின் மேல் நேராகக் கிடந்தது. உடம்புச் சூட்டில் வரும் ஆவி மெத்தைக்குள் இறங்கி, அடிப்பலகை குளிர்ந்திருப்பதால் அங்கேயே நின்றுவிடும். ஒரு வாரத்தில் மெத்தையின் அடியில் கறுப்புக் கறுப்பாகப் பூஞ்சணம் படர்ந்தது. வெயிலில் போட்டும் வாசனை போகவில்லை.

இதற்குச் செய்த வைத்தியத்தில் பலித்தவை மூன்று. கூரையில் துளையிட்டு 12 வோல்ட் விசிறி ஒன்று, உள்காற்றை வெளியே தள்ளுவதற்கு. எதிர்ப்பக்கச் சுவரில் இன்னொரு சன்னல். மெத்தைக்கு அடியில் பலகையை எடுத்துவிட்டு, விரற்கிடை இடைவெளி விட்டு ரீப்பர் கட்டைகள், அதாவது ஒல்லியான மரச்சட்டங்கள். மூன்றும் சேர்ந்து ஆன செலவு மெத்தையின் விலையை விடக் குறைவு. ஸ்பாஞ்சுக்குப் பதில் இலவம்பஞ்சு மெத்தைக்கு மாறினோம். இலவம்பஞ்சு இழையில் இயற்கையாகவே மெழுகுப் பூச்சு உண்டு, தண்ணீரை எளிதில் ஏற்காது. அரை நாள் வெயில் கிடைத்தால் பொரிந்து நிற்கும். தரையில் பவானி ஜமக்காளம். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களும் வாங்கிப் பார்த்தாயிற்று. கேமரா பைக்கு அவை சரி. ஒரு குடும்பத்தின் மூச்சுக்கு முன்னால் அவற்றால் ஒன்றும் ஆகாது.

சன்னலைத் திறந்து வைத்துப் படுக்க என் மனைவிக்கு நெடுநாள் மனம் வரவில்லை. தோட்டத்துக் காவல்காரப் பெரியவர்தான் ஒருநாள் காலையில் கண்ணாடி வேர்த்திருப்பதைப் பார்த்துவிட்டு, “சன்னலைச் சாத்தினால் குளிர் போய்விடாது அம்மா. இரண்டு விரல் திறந்து வைத்துவிட்டு இன்னொரு கம்பளி போர்த்துக்கொள்ளுங்கள்” என்றார். மலையிலேயே பிறந்து வளர்ந்தவர். எனக்கு வாய்த்த ஆலோசனைகளிலேயே மிகவும் உருப்படியானது அதுதான். பாலைவனத்துக்காரர்கள் புகழும் வாத்து இறகுத் தூக்கப் பையை நல்ல விலை கொடுத்து வாங்கியிருந்தேன். உலர்ந்த இடத்தில் அதற்கு இணை கிடையாது. ஆனால் ஈரம் ஏறியதும் இறகு படிந்து, பை சப்பையாகி, சூடு தங்காமல் போய்விடும். கம்பளி அப்படியில்லை. கொஞ்சம் நனைந்தாலும் சூடு தரும். இப்போது தூக்கப் பை சேலத்தில் பரண்மேல் இருக்கிறது.

பகலில் துணியும் படுக்கையும் காயவைக்க எங்களுக்குக் கடிகாரம் காப்பிக் களம். டிசம்பர், ஜனவரி என்றால் அறுவடைக் காலம். பழம் பறித்து, தோலுரித்து, கொட்டையைக் களத்தில் பரப்பிக் காயவிடுவார்கள். பனி விலகிக் களம் சூடானதும் அவர்கள் தார்ப்பாயை எடுப்பார்கள், நாங்கள் மெத்தையை வெளியே போடுவோம். மாலையில் அவர்கள் கொட்டையைக் குவித்து மூடத் தொடங்கினால் நாங்களும் எடுத்து உள்ளே வைத்துவிடுவோம். அரை மணி நேரம் தாமதித்தால் பகல் முழுக்கக் காய்ந்தது வீண்.

சமையல் எப்போதும் வெளியேதான். பின்கதவை மேலே தூக்கி நிறுத்தினால் அதுவே கூரை, கீழே அடுப்பு மேடை. ஒரு கிலோ சமையல் எரிவாயு எரிந்தால் ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளிப்படும். அடுப்பை உள்ளே ஏற்றிச் சூடு தேடுகிறவர் அத்தனையையும் தன் மெத்தைக்கே கொடுக்கிறார். கரி அடுப்பையோ தணல் சட்டியையோ மூடிய வண்டிக்குள் வைப்பது அதைவிடப் பன்மடங்கு ஆபத்து. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் மணமும் இல்லை. தூங்குகிறவர் எழுந்திருக்க மாட்டார். இந்த ஒரு விஷயத்தில் எங்கள் வீட்டில் விவாதத்துக்கே இடமில்லை.

கையடக்கமான பியூட்டேன் டப்பா அடுப்பு விடியற்காலையில் சுணங்கும். பியூட்டேன் ஆவியாகத் தொடங்குவதே பூஜ்யம் டிகிரிக்குச் சற்றுக் கீழேதான். 11, 12 டிகிரியில் அழுத்தம் குறைந்துவிடும், எரிய எரிய டப்பா இன்னும் குளிரும், சுடர் படுத்துவிடும். புரொப்பேனும் கலந்த ஐந்து கிலோ சிலிண்டருக்கு அந்தத் தொல்லை இல்லை. உயரம் காரணமாகத் தண்ணீர் 95 டிகிரி அளவிலேயே கொதித்துவிடுகிறது. திறந்த பாத்திரத்தில் பருப்பு வேகும் என்று காத்திருப்பது வீண். குக்கர் வேண்டும், அதிலும் சேலத்தை விட ஒரு விசில் கூட. அதே 95 டிகிரி டிகாக்‌ஷனுக்கு மிக வாகானது; கசப்பு ஏறாமல் இறங்கும். இரவுக்குக் கேழ்வரகுக் களியும் கொள்ளு ரசமும். கீழே பேட்டையிலிருந்து கட்டிக்கொண்டு போகும் தட்டுவடை மட்டும் இந்த மலையில் ஒருநாள் தாங்காது, நமத்துவிடும். எவர்சில்வர் டப்பாவுக்கும் அந்த ஈரம் அடங்கவில்லை.

மின்சாரத்தில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. 100 ஆம்பியர்-மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி. ஏறத்தாழ 1,280 வாட்-மணி. விளக்கு, விசிறி, செல்பேசி மூன்றுக்கும் தாராளம். பூஜ்யம் டிகிரிக்குக் கீழே அதற்குச் சார்ஜ் ஏற்றக் கூடாது என்பார்கள். இந்த மலையில் அந்தக் கவலை இல்லை. ஆனால் 1,500 வாட் ஹீட்டரை மாட்டினால் ஒரு மணி நேரம்கூட ஓடாது. வெந்நீர்ப் பையைக் காலடியில் வைத்துக்கொள்வதே மேல். சூரியப் பலகை ஏமாற்றம்தான். காலையில் பனி, பனி விலகினால் சில்வர் ஓக் மர நிழல். வெட்டவெளியில் நிறுத்தினால் மின்சாரம் கிடைக்கும், கூடவே ராத்திரிக் காற்றும் கிடைக்கும். நாங்கள் மர நிழலைத் தேர்ந்தெடுத்து, கார் ஓடும்போது மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரிலிருந்து சார்ஜ் ஏற்றும் கருவி ஒன்றைப் பொருத்திக்கொண்டோம். ஊருக்குள் காய்கறி வாங்கப் போய்வரும் ஓட்டத்தில் கொஞ்சம் ஏறிவிடுகிறது.

தண்ணீருக்குத் தோட்டத்து ஊற்று. கழிப்பறைக்குக் கூலியாட்களுக்காகக் கட்டியது இருக்கிறது. எடுத்துச் செல்லும் கழிப்பறைப் பெட்டியை இரவுக்கு மட்டும். குரங்குகள் பற்றித் தனியே எச்சரிக்க வேண்டியதில்லை, ஏற்காடு போனவர் எவருக்கும் தெரியும். காட்டெருமை வந்தால் விளக்கடிக்காமல் உள்ளேயே இருந்துவிடுங்கள். அது மேய்ந்துவிட்டுத் தானாகப் போய்விடும். சாலையோரத்திலோ காப்புக்காட்டு எல்லையிலோ வண்டியை நிறுத்தித் தங்க நினைக்காதீர்கள். தெரிந்தவர் தோட்டம், அவர் அனுமதி, இது இல்லாமல் மலையேறாதீர்கள்.

எந்த மாதம் போகலாம் என்று கேட்டால் தை என்பேன். “தைப்பனி தரையைத் துளைக்கும்” என்று பெரியவர்கள் சொன்னதில் பொய்யில்லை, குளிர் எலும்பில் ஏறும். ஆனால் மழை ஓய்ந்திருக்கும், பகல் வெயில் நின்று அடிக்கும், படுக்கை காயும். கார்த்திகையில் குளிர் குறைவு. போன மூன்றாம் நாளே வண்டிக்குள் எல்லாம் சொதசொதக்கும்.

புதிதாகச் செய்யக் கொடுக்கிறவர்கள் பட்டறையில் நீள அகலத்தைப் பேசுவதற்கு முன்பே காற்றுப் போக்கைப் பேசிவிடுங்கள். எதிரெதிர்ச் சன்னல், கூரை விசிறி, ரீப்பர்க் கட்டில், இரும்புக் குழாயின் உள்முகத்தில் ரப்பர் பட்டை. கட்டும்போதே செய்தால் கூலி அதிகம் ஆகாது, பிறகு தகட்டை வெட்டினால் ஒழுக்கு வரும். டிரெய்லருக்கும் தனிப் பதிவு எண் உண்டு, அந்தக் காகிதங்களை முடித்துத் தருவது யார் பொறுப்பு என்பதை முன்பணம் கொடுக்கும்போதே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சன்னலுக்குக் கொசுவலையும் கேளுங்கள். கேட்காமல் அதை யாரும் போட்டுத் தருவதில்லை.