ஆங்கில விக்சனரி: எழுத்து ஒன்றானால் பக்கமும் ஒன்று

மற்ற அகராதிகள் முதலில் மொழியைக் கேட்கும், பிறகுதான் சொல்லைக் கேட்கும். பல மொழிச் சொற்களுக்கும் ஆங்கிலத்தில் பொருள் தரும் இணைய அகராதியான ஆங்கில விக்சனரி அப்படியல்ல. சொல்லை இட்டால் போதும்; அதே எழுத்துக்கூட்டலில் எந்தெந்த மொழிகளுக்குப் பதிவு இருக்கிறதோ அத்தனையும் ஒரே பக்கத்தில் அடுக்கடுக்காக வந்துவிடும். ஒரே வடிவம் வேறு வேறு மொழிகளில் சம்பந்தமே இல்லாத பொருள்களைத் தாங்கி நிற்பதைப் பார்க்க, 2002 டிசம்பரில் தொடங்கிய இந்த இலவசச் சேவையைவிடத் தோதான இடம் இல்லை. ஆனால் 'ஒரே வடிவம்' என்று அது எதைக் கணக்கில் கொள்கிறது என்று தெரியாமல் தேடினால் நிறைய நழுவிப்போகும்.

ஆர்-ஓ-கே என்ற மூன்று எழுத்தைத் தேடிப் பாருங்கள். டச்சில் பாவாடை. இந்தோனேசியத்திலும் பாவாடைதான். போலிஷிலும் செக்கிலும் ஆண்டு. ஸ்லோவேனியத்தில் கெடு, அதாவது குறித்த தவணை. இதில் எது உறவு, எது தற்செயல்? பொருள் வரியில் விடை இருக்காது; அதற்கு மேலே உள்ள சொற்பிறப்புப் பகுதியைப் படிக்க வேண்டும். இந்தோனேசியச் சொல் டச்சிலிருந்து வாங்கிய கடன். போலிஷ், செக், ஸ்லோவேனியச் சொற்கள் ஒரே ஸ்லாவிய வேரில் கிளைத்தவை. இந்த இரண்டு கூட்டத்துக்கும் இடையே ஒட்டுமில்லை, உறவுமில்லை.

தலைகீழ் நிலையும் உண்டு. 'கிஃப்ட்' ஆங்கிலத்தில் பரிசு, ஜெர்மனில் நஞ்சு. ஸ்வீடிஷில் நஞ்சு என்றும் மணமானவர் என்றும் பொருள். பார்த்தால் ஒன்றுக்கொன்று எட்டாத தூரம். சொற்பிறப்பில் எல்லாமே 'கொடு' என்ற ஒரே வினையில் போய் முடியும். ஆகவே பொருள் விலகி இருப்பதை வைத்து மட்டும் உறவில்லை என்று தீர்மானிக்கக் கூடாது. இந்தி 'சிக்ஷா' கல்வி, மராத்தி 'சிக்ஷா' தண்டனை என்பதும் இதே வகைதான். நம் 'சிட்சை' மராத்தியின் பக்கம் நிற்கிறது.

பக்கத்தின் அடுக்கு முறை எளிது. பல மொழிக்கும் பொதுவான குறியீடுகள் முதலில், ஆங்கிலம் அடுத்து, பிறகு மற்ற மொழிகள் தத்தம் ஆங்கிலப் பெயரின் அகரவரிசையில். நீண்ட பக்கத்தில் உருட்டிக்கொண்டே போக வேண்டாம். முகவரியின் கடைசியில் ஹேஷ் குறியிட்டு மொழியின் ஆங்கிலப் பெயரை எழுதினால் நேராக அங்கே இறங்கலாம். ஒரு மொழிக்குள்ளேயே ஒத்த வடிவங்கள் இருந்தால் அவை எண்ணிட்ட சொற்பிறப்புப் பிரிவுகளாகப் பிரியும். 'கல்' பக்கத்தில் பாறைத்துண்டு ஒரு பிரிவு, கற்பது இன்னொரு பிரிவு.

இனி இடறும் இடங்கள். முதலாவது, பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் இங்கே வேறு வேறு பக்கங்கள். ஜெர்மன் பெயர்ச்சொற்கள் பெரிய எழுத்தில் தொடங்குவதால் நஞ்சு 'கிஃப்ட்' ஆங்கிலப் பரிசோடு ஒரே பக்கத்தில் இருக்காது. மேற்குறிகளும் அப்படியே: பி-ஏ-என் என்பது ஸ்பானியத்தில் ரொட்டி, போலிஷில் ஐயா, அதே மரியாதைச் சொல் ஸ்லோவாக்கில் 'ஏ' மேல் சாய்கோடு ஏற்பதால் தனிப் பக்கத்துக்குப் போய்விடும். பக்கத்தின் உச்சியில் இருக்கும் 'இதையும் பார்க்க' வரியை விட்டுவிடாதீர்கள். இந்த உறவினர்கள் எல்லாம் அங்கேதான் வரிசைகட்டி நிற்பார்கள். விதிவிலக்கு லத்தீன். நெடில் கோடுகளைப் பக்கத் தலைப்பில் நீக்கிவிடுவதால், 'நாள்' என்ற லத்தீன் சொல்லின் ஒரு வேற்றுமை வடிவம் ஆங்கில 'டை' (இறத்தல்), ஜெர்மன் 'டீ' (பெண்பால் சுட்டு) ஆகியவற்றோடு ஒரே பக்கத்தில் சேர்ந்துகொள்கிறது.

நமக்கு முக்கியமான இடறல் எழுத்துமுறை. பக்கத்தை நிர்ணயிப்பது ஒலி அல்ல, கணினியில் ஒவ்வோர் எழுத்துக்கும் உரிய எண்ணான யூனிகோடு குறியெண். தமிழ் 'கல்', நேற்றையும் நாளையையும் குறிக்கும் இந்தி 'கல்', அதே சொல்லின் உருது வடிவம் மூன்றும் மூன்று பக்கங்கள். தேவநாகரிப் பக்கத்தில் இந்தியோடு மராத்தி 'கல்' (சாய்வு, மனப்போக்கு) சேர்ந்திருக்கும். உருதுப் பக்கத்தில் பாரசீகம் வந்து ஒட்டும். அங்கே அதே எழுத்துகள் 'எல்லாம்' என்று பொருள் தரும். அந்தப் பாரசீகச் சொல்லின் மூலமான அரபுச் சொல்லோ வேறு பக்கம், ஏனென்றால் 'க' ஒலிக்கான காஃப் என்ற எழுத்தின் அரபு வடிவத்துக்கும் பாரசீக வடிவத்துக்கும் தனித்தனிக் குறியெண். அரபு விசைப்பலகையில் தட்டிவிட்டு உருதுச் சொல் இல்லை என்று முடிவுகட்டுவது அடிக்கடி நடக்கும் பிழை. தமிழிலும் இந்தத் தொல்லை உண்டு: 'ஔவை' என்பதை ஒ, ள என்று இரண்டு எழுத்தாகத் தட்டினால் கண்ணுக்கு ஒன்றாகவே தெரியும், தேடலுக்கு வேறு சொல். ஆக, எழுத்து தாண்டிய ஒப்பீடு வேண்டுமென்றால் ஒவ்வோர் எழுத்துமுறையிலும் தனியாகத் தேட வேண்டும்.

பக்கங்களின் பாரமும் ஒரு குறை. ஒவ்வொரு மொழிப் பகுதியையும் லூவா என்ற நிரல்மொழியில் எழுதிய நிரல்கள் உருவாக்குகின்றன. மொழிகள் மிகுந்த பக்கங்களில் அவற்றின் நினைவக வரம்பு தீர்ந்து, கீழ்ப்பகுதியில் சிவப்புப் பிழைச் செய்திகள் வந்ததுண்டு. ஆங்கில முதலெழுத்தான 'ஏ' பக்கத்தை மொழிப்பெயர் வரிசையில் துணைப்பக்கங்களாகப் பிரித்தது இதனால்தான்.

தமிழ் விக்சனரி இந்த வேலைக்கு ஒத்துவராது. கலைச்சொல்லுக்குத் தமிழ் நிகர் தேட நல்லது. ஆனால் லத்தீன் எழுத்துச் சொல்லைத் தேடினால் பெரும்பாலும் ஆங்கிலப் பகுதி மட்டுமே இருக்கும்.

மொத்தமாக ஆராய வருகிறவர்கள் பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டியதில்லை. விக்டெக்ஸ்ட்ராக்ட் என்ற நிரல் விக்சனரியைப் பிரித்துத் தரும் தரவு, கைக்கி என்ற இணையதளத்தில் ஜேசன் (JSON) என்ற தரவு வடிவ வரிகளாக இலவசமாகக் கிடைக்கிறது. ஒரு வரிக்கு ஒரு சொல், ஒரு மொழி, ஒரு சொல்வகை. ஒவ்வொரு வரியிலும் சொல் பதிவாகியிருக்கும் புலத்தை வைத்துக் குழுவாக்கி, ஒன்றுக்கு மேற்பட்ட மொழிக் குறி உள்ள குழுக்களை எடுத்தால் பட்டியல் தயார். குழுவாக்கும் முன் 'இன்ன சொல்லின் திரிபு' என்று குறியிட்ட வரிகளைக் கழித்துவிடுங்கள். இல்லையென்றால் ஸ்பானிய, இத்தாலிய வினைத்திரிபுகள் பட்டியலை நிறைத்துவிடும். அதன் பிறகும் ஒவ்வொரு குழுவின் சொற்பிறப்பையும் ஆள்தான் படிக்க வேண்டும். சிறிய மொழிகளில் அந்தப் பகுதி சில வேளை வெறுமையாக இருக்கும், சில வேளை சான்று காட்டாத ஒற்றை வரியாக இருக்கும். அவற்றை 'உறவு தெரியாதவை' என்று தனியே ஒதுக்கிவையுங்கள், 'உறவில்லாதவை' பட்டியலில் சேர்க்காதீர்கள்.